மொத்தப் பாலையும் வாங்கியவள்

எங்கள் ஆய்வுக்கூடத்துக் கேண்டீனில் ஒருநாள் சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டுக் காபி கலந்துவிட்டார்கள். நான் ஒரு வாய் குடித்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் என்னோடு வேலை பார்த்த அவள் தன் டம்ளரைக் காலி செய்து, கழுவப் போடும் இடத்தில் வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உப்புக் காபியை எப்படிக் குடிச்சே?" என்று கேட்டேன்.

"சூடா இருந்தது. பரவாயில்லை" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கலந்து குடுத்தவர் எதிர்லயே நின்னுண்டிருந்தார். எப்படிச் சொல்றது?" என்றாள்.

அவளைப் பற்றி ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னால் கூச்சம் என்பேன். பெண்களுக்கு அழகு என்று அந்தக் காலத்தில் பெரியவர்கள் மெச்சிக்கொள்வார்களே, அந்தக் கூச்சமில்லை. இது ஒரு வியாதி. பஸ்ஸில் நிறுத்தம் வந்துவிட்டால் "இறங்கணும்" என்று சொல்ல வராது. அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கும்போது சேர்ந்து இறங்கி நடந்து வருவாள். பாண்டி பஜாரில் புடவைக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் பிரித்துப் போட்ட பாவத்துக்காகவே ஒன்றை வாங்கிவிடுவாள். எங்கள் குடும்பமே ஜவுளி வியாபாரம். திருநெல்வேலியிலிருந்து வந்து தி. நகரில் கடை போட்டவர்கள். இப்படி ஒரு வாடிக்கையாளர் தினம் வந்தால் அப்பா இன்னொரு மாடி கட்டியிருப்பார் என்று அவளிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவளும் சிரிப்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அவளோடு வெளியே போகத்தான் பிடிக்காது.

ஆனால் வெளியே போவதுதான் எங்கள் வேலையாக இருந்தது. எழுபதுகளின் தொடக்கம். ஈரத்தில் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் ஒரு விஷம் உண்டாகிறது, அதைத் தின்கிற மாட்டின் பாலிலும் அது இறங்குகிறது, காய்ச்சினாலும் போகாது என்றெல்லாம் அப்போதுதான் தெரிய வந்திருந்தது. சென்னையில் ஜனங்கள் வாங்கிக் குடிக்கும் பாலில் அது இருக்கிறதா என்று பார்க்க அடையாறில் எங்கள் பிரிவுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். நானும் அவளும் ஒரே மேஜை, ஒரே சம்பளம். விடியற்காலையில் ஜோல்னாப் பையில் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று தெருத்தெருவாகப் போய், பால் டிப்போவிலும் வீட்டு வாசலில் கறப்பவர்களிடமும் பால் வாங்கி வரவேண்டும். சோதனைக்கு என்று சொல்லக் கூடாது. சொன்னால் நல்ல பாலாகப் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். சாதாரணமாக வாங்குகிறவர்கள் மாதிரி வாங்க வேண்டும்.

அவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. "ஆத்துக்கு விருந்தாளி வந்திருக்கா, ஒரு ஆழாக்கு குடுங்கோ" என்ற ஒரு வரியை அடையாறிலிருந்து பனகல் பார்க் வரை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வருவாள். இறங்கியதும் மறந்துவிடும். ஒரு தடவை ஒரு பால்காரர், "இன்னாமா, சொம்பு எடுத்தாராம மருந்து பாட்டிலு எடுத்தாந்துகினு கீறே?" என்று கேட்டுவிட்டார். இவள் முகமெல்லாம் சிவந்து, காசை அவர் கையில் திணித்துவிட்டு, பாட்டிலையும் விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள். நான்தான் போய் வாங்கி வந்தேன். பொய் சொல்வதில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. கடைக்காரக் குடும்பம் இல்லையா.

ஆனால் மேஜைக்கு வந்துவிட்டால் அவள் வேறு ஆள். பாலைக் குளோரோபாமில் குலுக்கி, பிரித்து, வற்றவைத்து, கண்ணாடித் தகட்டில் ஊசிமுனை அளவு பொட்டு வைப்பாள். கை நடுங்காது. பிறகு இருட்டறையில் ஊதா விளக்கடியில் தகட்டைப் பிடிக்க வேண்டும். விஷம் இருந்தால் நீலமாக ஒரு புள்ளி ஒளிரும். எனக்கு இருக்கிற மாதிரியும் இல்லாத மாதிரியும் தோன்றும். அவள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். நிச்சயப்படுத்த, பிறந்து ஒரே நாளான வாத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்து ஈரலைப் பார்ப்பதும் உண்டு. அந்தக் குஞ்சுகளிடமும் அவளுக்குக் கூச்சம்தான். "கோச்சுக்காதேடா" என்று சொல்லிவிட்டுத்தான் புகட்டுவாள்.

பொய் சொல்லிப் பால் வாங்குவது தாங்காமல் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மயிலாப்பூரில் அவளும் அவள் அம்மாவும் குடியிருந்த தெருவுக்குத் தினமும் ஒரு பால்காரர் ஒரு சிவப்புப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் கறப்பார். அவரிடம் வாங்கினால் பொய்யே தேவையில்லை, தெரிந்தவர்தானே. அப்படி ஒரு ஐப்பசி மழையில் அந்தப் பாலைக் கொண்டுவந்தாள்.

அதுவரை நாங்கள் பார்த்த எல்லாத் தகடுகளிலும் அதில்தான் நீலம் பளிச்சென்று இருந்தது. என் கண்ணுக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால் அந்த மனிதர் நேர்மையானவர். கறப்பதற்கு முன் சொம்பைக் கவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் மாட்டின் அடியில் உட்காருவார். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மற்றவர்கள் பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் ஊற்றினார்கள், அதனால் அவர்கள் பாலில் விஷமும் பாதியாகிவிட்டது. இவர் பாலில் எதுவுமே குறையவில்லை. மறு வாரமும் அதே நீலம். அதற்கடுத்த வாரமும்.

அவள் பிரிவுத் தலைவரிடம் போனாள். அதுவே பெரிய விஷயம். கதவுக்கு வெளியே அரைமணி நேரம் நின்றாள், அவரே வெளியே வந்தபோதுதான் பேசினாள். "நம்ம வேலை கண்டுபிடிக்கிறது. ஊரெல்லாம் சொல்றது இல்லை. எவ்வளவு குடிச்சா மனுஷாளுக்கு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. பாவம், ஒருத்தன் பிழைப்பைக் கெடுக்கணுமா?" என்றார் அவர். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்களுக்கும் தெரியாதுதான். ஆனால் சின்னக் குழந்தைகளின் ஈரல் கெடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற பேச்சு எங்கள் துறையில் அப்போது பலமாக இருந்தது. அந்தத் தெருவில் அந்தப் பாலை வாங்கிய வீடுகளில் எல்லாம் குழந்தைகள் இருந்தன.

"தலைவர் கிடக்கட்டும். நீ போய்ப் புண்ணாக்கை மாத்துன்னு மட்டும் சொல்லு. விஷம்னு எல்லாம் சொல்ல வேண்டாம்" என்றேன். இருட்டறையில் வைத்து ஒத்திகையே பார்த்தோம். நான் பால்காரர். அவள் வாசலுக்கு வந்து, "உங்க மாட்டுக்கு வைக்கற புண்ணாக்கு ஈரமா இருக்கோன்னு..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, என் முகத்தையே பார்த்து, நிறுத்திவிடுவாள். மறுநாள் காலை நிஜமாகவே சொல்லப் போனாள். ஆபீசுக்கு வந்ததும் கேட்டேன்.

"என்ன சொன்னார்?"

"சொல்ல வாயைத் தொறந்தேன். அவர், 'இன்னா டாக்டரம்மா, இன்னும் ஒரு ஆழாக்கு வேணுமா?'ன்னார். ஆமான்னுட்டேன்."

வெள்ளைக் கோட்டோடு ஒருமுறை பார்த்ததிலிருந்து அவர் அவளை டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவும் அவளுக்குக் கூச்சம்.

அந்தக் கூடுதல் ஆழாக்கில்தான் அவளுக்கு யோசனை பிறந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் வாங்கினாள். மார்கழி பிறப்பதற்குள் காலைக் கறவை மொத்தத்தையும் அவளே வாங்க ஆரம்பித்துவிட்டாள். மற்ற வீட்டுக்காரர்கள் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். "டாக்டரம்மா மொத்தமும் எடுத்துகிட்டாங்கோ" என்பார் அவர். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே டிப்போ வரிசைக்குப் போவார்கள். இவள் அம்மாவிடம் எல்லாம் லேபுக்கு என்று சொல்லிவிட்டு, பாதிப் பாலைப் பின்கட்டுச் சாக்கடையிலும் மீதியை ஆபீசுக்கு எடுத்து வந்து எங்கள் சிங்க்கிலும் ஊற்றினாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் ஒரு நல்ல புடவைகூட வாங்கவில்லை. சம்பளம் பாலாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏட்டி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் எங்கள் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும். "ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பதிலா ஒரு மாட்டையே விலைக்கு வாங்குவியா?"

"கொழந்தைகள் குடிக்காம இருக்கே. அது போதும்."

"சாயங்காலப் பால்?"

"அது மொனையில டீக்கடைக்குப் போறது. பெரியவாதானே குடிப்பா. அதுவும் எவ்வளவு, ஒரு கரண்டி" என்றாள். ஐப்பசியிலேயே விசாரித்து வைத்திருந்தாள்.

தெரு சும்மா இருக்குமா? அவள் பாலில் குளிக்கிறாள் என்றார்கள். ரகசியமாக ஹோட்டலுக்கு விற்கிறாள் என்றார்கள். ஒரு சாயங்காலம் மாடவீதியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். அந்தத் தெருக்காரி ஒருத்தி எங்கள் பக்கமாகத் திரும்பி, "சில பேருக்கு ஊர்க் கொழந்தைகள் வாயில மண்ணைப் போட்டாத்தான் தொண்டைல எறங்கும்" என்றாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அந்தக் குழந்தைகளுக்காகத்தான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. இவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சுண்டைக்காய்க்குக் கொடுத்த காசுக்கு மீதிகூட வாங்கவில்லை.

ஒருநாள் காலை சாம்பிள் எடுக்கும் வழியில் அவளைக் கூப்பிட அவள் வீட்டு வாசலுக்குப் போயிருந்தேன். பால்காரர் கறந்துகொண்டிருந்தார். நான் அவளோடு வேலை பார்ப்பவள் என்று தெரிந்ததும் எழுந்துவிட்டார்.

"நம்ம டாக்டரம்மா ஊரு பாலெல்லாம் பாட்டில்ல புடிச்சு சோதிக்கிறவங்களாமே? அய்யர் ஊட்டு அம்மா சொன்னாங்கோ. அவ்ளோ பேரு பாலையும் பாத்துட்டு நம்ம மாட்டுப் பாலைத்தான் மொத்தமா வாங்குறாங்கன்னா இன்னா அர்த்தம்? நம்ம பாலு அப்டி கீது! எல்லாம் அந்தப் புண்ணாக்கு ராசிம்மா. ஆத்தோரத்து மண்டில வாங்குறேன். வெல கம்மி. கொஞ்சம் கறுத்தாப்ல கீது, அது ஒண்ணும் பண்ணாது. நம்ம ஆளுங்க நாலு பேருக்கும் சொல்லிக்கீறேன், இதையே வாங்கிப் போடுங்கடான்னு. நான் மாத்தவே மாட்டேன்."

உள்ளேயிருந்து அவள் பாத்திரத்தோடு வந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. பாத்திரத்தை நீட்டினாள். "நன்னாயிருக்கேளா?" என்று அவரைக் கேட்டாள்.

நான் அவளை அன்றைக்கு அடிக்காமல் விட்டது பெரிய காரியம்.

தை மாதத்தில் அவர் வெற்றிலை பாக்கு வைத்து அவளை அழைத்தார். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த பெண் குழந்தை, முதல் வருஷம் முடியப் போகிறது, காது குத்துகிறோம், டாக்டரம்மா கட்டாயம் வரணும் என்றார். அவருக்குக் குழந்தை இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரியும். அவளுக்கு வரமாட்டேன் என்று சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. ஒரு கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு போனோம். நொச்சிக்குப்பத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்து. முன்னால் மாட்டுக் கொட்டகை, பின்னால் ஓட்டு வீடு. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்துப் பால்காரர்கள் என்று நல்ல கூட்டம். எங்களை மட்டும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பாயசம் வந்தது. எந்தப் பாலில் செய்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் டம்ளரை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவள் குடித்தாள்.

காது குத்தி முடிந்ததும் குழந்தை வீரிட்டது. பால்காரரின் மனைவி அதை மடியில் போட்டு, பால் கிண்ணத்தையும் சங்கையும் எடுத்துக்கொண்டு எங்கள் எதிரிலேயே வந்து உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை.

"எல்லாம் உங்க புண்ணியம்மா. முன்னெல்லாம் ஒரு சொட்டு ஊட்ல தங்காது. இவுளுக்கு அரிசிக் கஞ்சிதான் ஊத்திகினு இருந்தேன். நீங்க காலைப் பாலை மொத்தமா கைல காசு குடுத்து எடுத்துக்க சொல்லோ, சாயங்காலம் டீக்கடைக்கு ஊத்தறதை நிறுத்திட்டாரு. கார்த்திகைலேருந்து சாயங்காலப் பாலு பூரா இவுளுக்குத்தான். பாருங்க, எப்டி குண்டாயிட்டா!"

சங்கு குழந்தையின் உதட்டருகே போனது.

"குடுக்காதீங்கோ!"

யார் கத்தினது என்று நானே திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்துவிட்டது. அவ்வளவு பெரிய குரல் அவளுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது.

"அந்தப் பால் வேண்டாம். அதுல விஷம் இருக்கு. புண்ணாக்குல பூஞ்சக்காளான். அது பால்ல வந்துடுத்து" என்றாள்.

பால்காரர் கையில் வெற்றிலைத் தட்டோடு நின்றார். தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் நடுவில் நின்றார். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாத மனிதர். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப நீ வாங்கினதெல்லாம்?" என்று கேட்டார். அதுவரை அவர் அவளை நீ என்று சொன்னதில்லை. "தெனிக்கும் மொத்தமா வாங்கினியே. இன்னாம்மா பண்ணே?"

லேபுக்கு என்று சொல்லிவிடு, லேபுக்கு என்று சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

"கொட்டிட்டேன்" என்றாள்.

கூட்டத்தில் ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாட்டை வைத்துப் பிழைக்கிறவர்களிடம் விஷம் என்ற வார்த்தையைவிட அந்த வார்த்தைதான் போய் விழுந்தது. பால்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் மறுநாளே புண்ணாக்கை மாற்றினார். தன் ஆட்களையும் மாற்ற வைத்தார். ஒரு வாரத்தில் நான் போய்ப் பாட்டிலில் பால் வாங்கி வந்து பார்த்தேன். தகட்டில் ஒன்றும் இல்லை. தெருவுக்கு மறுபடியும் பால் கிடைத்தது. அந்தக் குழந்தை இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் போனதைக்கூட நான் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நம்புகிறேன். நிச்சயமாகச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது, யாருக்குமே போதாது. அவள்தான் அந்த வருஷமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு அம்மாவோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

அன்று அந்த வீட்டில், அந்தத் தாய் எழுந்திருக்கவில்லை. சங்கிலிருந்த பாலைக் கிண்ணத்தில் ஊற்றினாள். கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். குழந்தை அதற்காகக் கையை நீட்டி அழுதது. அவள் கத்துவாள், சாபம் கொடுப்பாள் என்று நான் தயாராக இருந்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஐப்பசிலேருந்து."

"தெருவுல கீற புள்ளைங்க குடிக்கக் கூடாதுன்னுதான் வாங்கிக் கொட்டினியா?"

"ஆமா."

"பால்காரன் ஊட்லயும் ஒரு புள்ள இருக்கும்னு உனக்குத் தோணவே இல்லியாம்மா?"

அவளுக்குக் கூச்சம், அவள் சொல்ல நினைத்தாள், தலைவர் கூடாதென்றார் என்று நான் ஏதோ ஆரம்பித்தேன். அவள் என் கையைத் தொட்டு நிறுத்தினாள். யார் மனசும் நோகக் கூடாது என்று உப்புக் காபியைக் குடித்தவள் அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தோணலை" என்றாள்.

அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கணவர் கீழே வைத்துவிட்டுப் போன தட்டை எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம். வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. "இந்தா, வாங்கிக்க" என்று நீட்டினாள். குரலில் கோபம்கூட இல்லை.

அவள் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். குனிந்த தலை நிமிரவே இல்லை. பஸ் நிறுத்தத்திலும் முந்தானையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்கள் வந்தன, போயின. ஏறு என்று நானும் சொல்லவில்லை.